வடதுருவப் பாதையில் உணவகம் நடத்திய பவேரியர்: ஃப்ரீட்ரிக் டிரம்ப்பின் பிழைப்பைப் பற்றி ஒரு விவாதம்

பழைய ஏடு எழுதியது:

அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப்பின் தாத்தாவான ஃப்ரீட்ரிக் டிரம்ப்பைப் பற்றித் தமிழில் கிடைப்பவை பெரும்பாலும் துணுக்குச் செய்திகளே. கனடாவின் வடகோடியில் தகாத தொழில் நடத்திப் பணம் பண்ணியவர் என்று ஒரு சாராரும், வெறுங்கையோடு கப்பலேறி உழைப்பால் உயர்ந்தவர் என்று மறுசாராரும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பேரனைப் பிடித்தவர்கள் ஒன்றையும் பிடிக்காதவர்கள் மற்றொன்றையும் எடுத்துக்கொள்கிறார்கள். பேரனை ஒதுக்கி வைத்துவிட்டு, உணவகத்தையும் சூதாட்ட மேசையையும் பிழைப்பாகக் கொண்ட ஒரு குடியேறியின் வாழ்க்கையாக மட்டும் இதைப் பேச வேண்டும் என்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஃப்ரீட்ரிக் 1869 மார்ச் 14 அன்று, அப்போது பவேரிய அரசின் கீழ் இருந்த பலாட்டினேட் பகுதியில், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த கால்ஷ்டாட் என்ற சிற்றூரில் பிறந்தார். எட்டு வயதில் தந்தையை இழந்தார்; தந்தையின் நோய்க்குச் செய்த செலவு குடும்பத்துக்குக் கடனாக மிஞ்சியது. தோட்ட வேலைக்கு உடம்பில் தெம்பு போதாது என்று தாய் அவரை ஃபிராங்கென்தால் நகரில் முடிதிருத்துபவர் ஒருவரிடம் தொழில் பழக விட்டார். கற்றுத் திரும்பியபோது ஊரில் வருமானத்துக்கு வழியில்லை. கட்டாயப் படைப்பணிக்கான வயதோ நெருங்கிக்கொண்டிருந்தது. 1885 அக்டோபரில், 16 வயதில், தாய்க்கு ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் பிரேமன் துறைமுகத்தில் கப்பலேறி நியூயார்க்கில் இறங்கினார். அங்கே சகோதரியின் வீட்டில் தங்கி ஆறாண்டுகள் முடிதிருத்தினார்.

1891-இல் சேமிப்பை எடுத்துக்கொண்டு நாட்டின் மறுகோடியில் இருந்த சியாட்டிலுக்குப் போனார். வாஷிங்டன் தெருவில் ‘பூடில் டாக்’ என்ற உணவகத்தை வாங்கி, புது மேசை நாற்காலிகளும் அடுப்பும் போட்டு, ‘டெய்ரி ரெஸ்டாரன்ட்’ என்று பெயரை மாற்றினார். மதுக்கூடங்களும் சூதாட்ட விடுதிகளும் விலைமாதர் இல்லங்களும் வரிசையாக நின்ற தெரு அது. மறு ஆண்டே அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். 1894-இல் கடையை விற்றுவிட்டு, வெள்ளியும் தங்கமும் கிடைக்கும் என்று எல்லோரும் ஓடிய மான்டே கிறிஸ்டோ மலைக்குப் போய் ஒரு தங்கும் விடுதி கட்டினார். அந்தச் சுரங்கங்கள் பொய்த்துப்போகவே 1897-இல் சியாட்டிலுக்குத் திரும்பி செர்ரி தெருவில் மீண்டும் உணவகம் திறந்தார். அவர் திரும்பிய சில வாரங்களில், ஜூலை 17 அன்று, கனடாவின் யூகான் பகுதியில் உள்ள குளோண்டைக்கில் எடுத்த தங்கத்தோடு ‘போர்ட்லாண்ட்’ கப்பல் சியாட்டில் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. ஊரே வடக்கு நோக்கிக் கிளம்பியது. அவர் 1898-இல் கிளம்பினார்.

எர்னஸ்ட் லெவின் என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு முதலில் குளோண்டைக்குக்குப் போகும் வழியான ஒயிட் பாஸ் மலைப்பாதையோரம் ஒரு கூடாரத்திலும், பின்பு பெனட் ஏரிக்கரையிலும், 1900-இல் வைட்ஹார்ஸிலும் ‘ஆர்க்டிக்’ என்ற பெயரில் உணவகமும் விடுதியும் நடத்தினார். வைட்ஹார்ஸ் கட்டடத்தில் சூதாட்டத்துக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1901-இல் தன் பங்கைக் கூட்டாளிக்கே விற்றுவிட்டு வெளியேறினார்.

என்னுடைய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய முதலீடு பணமும் அன்று, சமையலும் அன்று. சட்டம் இன்னும் வந்து சேராத இடங்களையும், வந்தும் பார்க்காததுபோல் இருந்த இடங்களையும் அடையாளம் கண்டு, அந்த நிலை மாறும் நாளுக்கு முன்பே கடையைக் கட்டியதுதான் அவருடைய தொழில். நண்பர்கள் இதை ஏற்கிறீர்களா?

கல்லாப்பெட்டி எழுதியது:

பழைய ஏடு ஐயாவுக்கு வணக்கம். கோவையில் நெடுங்காலம் ஹோட்டல் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் உங்கள் முடிவை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சட்டம் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் யாரும் சாப்பிட உட்கார்ந்துவிட மாட்டார்கள். இலையில் சோறு விழ வேண்டும்.

அந்த மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். கனடாவின் வடமேற்குக் குதிரைப்படைக் காவலர்கள், ஓராண்டுக்குத் தேவையான உணவுப் பொருள் இல்லாதவர்களை எல்லைக்குள் விடவில்லை. கருவிகளையும் சேர்த்தால் ஆளுக்கு ஏறத்தாழ ஒரு டன் சுமை. அந்தச் சுமையைக் குதிரைகள் மேல் ஏற்றி ஒயிட் பாஸ் வழியாக ஓட்டியதில் ஏறத்தாழ மூவாயிரம் குதிரைகள் அந்தப் பாதையிலேயே செத்தன. ‘செத்த குதிரைப் பாதை’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. சுமை சுமந்து ஏறுபவன் தன் மூட்டையைப் பிரித்து நனைந்த விறகில் அடுப்பு மூட்டுவதைவிட, வழியில் ஒரு கூடாரத்தில் சூடாக ஒரு தட்டு கிடைத்தால் காசைக் கொடுத்துவிட்டு உட்காரவே விரும்புவான். டிரம்ப்பும் லெவினும் அங்கே அடிக்கடி பரிமாறியது குதிரை இறைச்சி என்பது பதிவாகியிருக்கிறது. கேட்கவே மனம் கூசும் செய்திதான். இருந்தாலும் சரக்கு வரத்தே இல்லாத இடத்தில் கையருகே கிடைத்ததை வைத்துப் பந்தி நடத்தியிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பெனட்டில் கதை மாறுகிறது. பனி உருகும் வரை படகு கட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் அந்த ஏரிக்கரையில் காத்துக் கிடந்தார்கள். அங்கே இவர்கள் கூடாரத்திலிருந்து இரண்டு மாடி மரக்கட்டடத்துக்கு உயர்ந்தார்கள். சால்மன் மீன், கடமான், காட்டு வாத்து, பனிக்கோழி என்று உணவுப் பட்டியல் நீண்டது. அந்தக் குளிரில் பழங்களும் கிடைத்தன. கடை இரவும் பகலும் திறந்திருந்தது. வைட்ஹார்ஸுக்குப் போன பிறகு நாளொன்றுக்கு மூவாயிரம் சாப்பாடு போட்டதாகச் சொல்லப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் மணிக்கு 125 தட்டு. ஒரு பந்தியில் ஐம்பது பேர் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் எழுந்தால் அது நடக்கக்கூடியதுதான். ஆனால் அடுப்பு ஒரு கணமும் அணையக் கூடாது, சரக்கு மாஸ்டர் மூன்று ஷிப்டுக்கு இருக்க வேண்டும், பாத்திரம் கழுவுகிற இடம் சமையற்கட்டு அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், விறகும் தண்ணீரும் கொண்டுவருவதற்கென்றே தனி ஆட்கள் வேண்டும். அந்த வட்டாரத்திலேயே பெரிய இரும்பு அடுப்புகளுள் ஒன்று அங்கே இருந்தது என்ற குறிப்பைப் படித்தபோது, இந்த மனிதர் எங்கே பணம் போட வேண்டும் என்று தெரிந்தவர் என்று எனக்குப் பட்டது. சூதாட்ட மேசை பிறகு வந்தது. அடுப்புதான் முதலில் வந்தது.

நிலாமுற்றம் எழுதியது:

கல்லாப்பெட்டி அண்ணா அடுப்பைப் பற்றி எழுதியது மிக நன்றாக இருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்தின் மாடியைப் பற்றி இருவருமே பேசாமல் போகிறீர்கள். சியாட்டில் கடையின் விளம்பரத்திலேயே ‘பெண்களுக்கான அறைகள்’ என்ற வரி உண்டு. அந்தக் காலத்தில் அதற்கு என்ன பொருள் என்பது அந்தத் தெருவில் நடந்துபோன எல்லோருக்கும் தெரியும். பெனட்டில் இருந்த அறைகளில் படுக்கையோடு தங்கத் தூளை நிறுக்கும் தராசும் இருந்தது.

அந்தத் தராசை ஒருமுறை கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். நாணயம் அரிதாக இருந்த அந்த நிலத்தில், ஆற்று மணலில் அரித்தெடுத்த தங்கத் தூளே பணம். கடைகளில் அவுன்ஸுக்குப் பதினாறு டாலர் என்று கணக்கு. தோல் பையை அவிழ்த்து, சிறு தட்டில் சிட்டிகை சிட்டிகையாகக் கொட்டி, மறு தட்டில் எடைக்கல் வைத்து நிறுப்பார்கள். கீழே சாப்பாட்டு மேசையில் நிறுத்ததும் மேலே அறையில் நிறுத்ததும் ஒரே தூள்தான். கீழ்த்தளத்தின் உணவுப் பட்டியல் இன்றுவரை கிடைக்கிறது. மேல்தளத்தில் இருந்த பெண்களுள் ஒருவருடைய பெயரும் இந்தக் கதையைச் சொல்லும் எவர் வாயிலும் வருவதில்லை.

‘யூகான் சன்’ பத்திரிகைக்கு அப்போது ஒருவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தனியாக வரும் ஆண்களுக்கு ஆர்க்டிக் விடுதி மிகவும் ஏற்றது, பெனட்டிலேயே சிறந்த உணவகமும் அதுதான், ஆனால் மானமுள்ள பெண்கள் அங்கே இரவு தங்க வேண்டாம், காது கூசும் பேச்சைக் கேட்க நேரும், அதுவும் தங்கள் பாலினத்தைச் சேர்ந்த சீரழிந்தவர்களின் வாயிலிருந்தே கேட்க நேரும் என்பது அதன் சாரம். கடிதம் எழுதியவர் உணவைப் பாராட்டினார், பெண்களைப் பழித்தார், கடைக்காரரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. நூறாண்டு கடந்தும் அதே வழக்கத்தை நாமும் தொடர வேண்டியதில்லை என்பதே என் வேண்டுகோள். இவர் தொழில்முனைவர் என்றால், அந்தத் தொழிலின் வருவாயில் எவருடைய உடல் பங்களித்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுதியாக வேண்டும்.

சட்டநூல் எழுதியது:

நிலாமுற்றம் சகோதரி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பழைய ஏடு அவர்களின் கருத்துக்கு வலுச் சேர்க்கும் ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். மான்டே கிறிஸ்டோ நிகழ்வை அவர் ஒரே வரியில் கடந்துவிட்டார். ஃப்ரீட்ரிக்கின் தொழில்முறை முழுவதும் அந்த ஒரு மனையில் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

ரயில் நிலையம் வரவிருந்த இடத்துக்கு அருகே ஒரு மனையை அவர் பார்த்து வைத்தார். அதை விலைக்கு வாங்கப் பணம் போதவில்லை. ஆனால் அந்த நிலத்தில் தங்கம் இருப்பதாகச் சொல்லிச் சுரங்க உரிமை கோரி மனுப் போட்டால், விலை எதுவும் கொடுக்காமலே கனிமத்தின் மீது தனியுரிமை பெறலாம் என்று அன்றைய சட்டம் இடம் கொடுத்தது. அதே நிலத்துக்கு எவரெட் நகரைச் சேர்ந்த ஒருவர் முன்பே உரிமை கோரியிருந்தார். இருந்தும் இவர் மனுப் போட்டார். அந்த உரிமை தங்கம் தோண்டுவதற்கு மட்டுமே. கட்டடம் எழுப்புவதற்கு அன்று. அவரோ மண்வெட்டியை எடுக்கவே இல்லை. உடனே மரம் வாங்கி விடுதியைக் கட்டிச் சோறும் படுக்கையும் விற்கத் தொடங்கிவிட்டார். முதலில் உரிமை கோரியவர் வாடகை கேட்டு ஆள் அனுப்பியபோது வாடகை கிடைக்கவில்லை. வணிகம் ஓடிய பிறகு, 1894 டிசம்பரில், அந்த நிலத்தை முறைப்படி விலை கொடுத்து வாங்கினார். 1896-இல் அந்த ஊர் மக்கள் அவரையே அமைதி நீதிபதியாக, அதாவது சிறு வழக்குகளைப் பார்க்கும் உள்ளூர் நீதிபதியாக, தேர்ந்தெடுத்தார்கள். 32-க்கு 5 என்ற கணக்கில்.

வழக்குரைஞனாக இதை நான் மோசடி என்று சொல்லத் தயங்குகிறேன், நேர்மை என்று சொல்லவும் மனம் வரவில்லை. எல்லைப்புற ஊர்களில் முதலில் பிடித்தல், பிறகு நடத்துதல், கடைசியில் பத்திரம் செய்தல் என்ற வரிசை பரவலாக இருந்தது. பத்திரம் கடைசிப் படியாக வருவதற்கு இடம் கொடுத்ததே அந்தக் காலத்து நில அலுவலகம்தான். ஒன்று மட்டும் தெளிவு. எந்த விதி எவ்வளவு காலம் அமலுக்கு வராமல் இருக்கும் என்று கணிப்பதில் இவர் தேர்ந்தவர்.

வைட்ஹார்ஸிலும் அதுவே நடந்தது. யூகானில் குதிரைப்படைக் காவலர்கள் சூதாட்டத்தையும் விலைமாதர் தொழிலையும் முற்றாக ஒடுக்கவில்லை. கலகம் இல்லாமல் அடக்கமாக நடந்தால் பொறுத்துக்கொண்டார்கள். டாசன் நகரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதுக்கூடமும் சூதாட்ட மேசையும் கட்டாயமாக மூடப்பட வேண்டும் என்று சாம் ஸ்டீல் என்ற அதிகாரி கண்டிப்பாக நடத்தினார். அதாவது சட்டம் அங்கே இல்லாமல் இல்லை. எதைப் பொறுப்பது, எதுவரை பொறுப்பது என்று காவலர்களே முடிவு செய்தார்கள். 1901 தொடக்கத்தில் அந்தப் பொறுமை முடிந்தது. சூதாட்டம், மது, விலைமாதர் தொழில் மூன்றையும் ஒடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. வணிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்துச் சில மாதத் தவணை வாங்கினார்கள். அந்தத் தவணைக்குள் டிரம்ப் தன் பங்கை லெவினிடம் விற்றுவிட்டார்.

ஈப்போ வாசகன் எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையைப் படிக்கும்போது எங்கள் நாட்டு லிம் கோ தோங் நினைவுக்கு வந்தார். அவரும் குடியேறியவர், சீனாவின் ஃபுஜியன் மாநிலத்து அன்ஷி வட்டாரத்திலிருந்து 1937-இல் மலாயாவுக்கு வந்தவர். கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்து, 1960-களில் கெந்திங் மலைக்குத் தன் பணத்தில் சாலை போட்டு, உச்சியில் ஹோட்டல் கட்டியவர். அப்போதைய பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் 1969-இல் அந்த ஹோட்டலுக்கு அடிக்கல் நாட்டினார். அதே காலத்தில் சூதாட்ட விடுதிக்கான உரிமம் கிடைத்தது. 1971-இல் முதல் ஹோட்டல் திறக்கப்பட்டது.

இருவரையும் அருகருகே வைத்தால் பழைய ஏடு ஐயா சொல்வது இன்னும் தெளிவாகும். லிம், நிலத்தையும் உரிமத்தையும் அரசிடமிருந்து எழுத்தில் வாங்கினார்; அதனால் அவருடைய தொழில் மலைமேல் நிலைத்தது, பிள்ளைகள் கைக்குப் போனது. டிரம்ப்புக்கு அப்படி எழுத்தில் எதுவும் கிடைக்கவில்லை. காவலர் பொறுத்துக்கொண்டவரை மேசை ஓடியது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோட்டத்துக் கூலிச் சம்பளம் வீடு வந்து சேருமுன் சீட்டிலும் எண்ணிலும் கரைந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தவனுக்கு ஒரே கதிதான். டிரம்ப்பின் மேசையில் தோற்றவன் யார்? மூட்டை தூக்கி, குதிரையைச் சாகக் கொடுத்து, ஊரில் மனைவி மக்களைக் கடனில் விட்டுவிட்டு வந்தவன். அவனும் இந்தக் கதையில் பெயரில்லாதவனே.

பழைய ஏடு எழுதியது:

நண்பர்களுக்கு நன்றி. ஈப்போ வாசகன் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தக் காலத்துக் குளோண்டைக் மேசைகளில் பெரிதும் ஆடப்பட்ட ஆட்டங்களுள் ஃபேரோ முக்கியமானது. பச்சைத் துணி விரித்த மேசையில் ஒன்று முதல் ராஜா வரை பதின்மூன்று சீட்டுகளும் வரையப்பட்டிருக்கும். ஆடுபவர் விருப்பமான சீட்டின் மேல் பணத்தை வைப்பார். நடத்துபவர் ஒரு சிறு பெட்டியிலிருந்து இரண்டு சீட்டுகளை அடுத்தடுத்து உருவுவார். முதலாவதாக வந்த எண்ணின் மேல் வைத்த பணம் மேசைக்காரருக்கு. இரண்டாவது எண்ணின் மேல் வைத்தவர் வென்றவர். இரண்டும் ஒரே எண்ணாக விழுந்தால், அந்த எண்ணின் மேல் இருந்த பணத்தில் பாதி மேசைக்காரருக்கு. நேர்மையாக நடத்தினால் மேசைக்காரருக்குக் கிடைக்கும் சாதகம் அந்தப் பாதியில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற பல ஆட்டங்களோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. அதனால் ஆட்டம் நீண்டது. ஆட்டம் நீண்டால் ஆடுபவர் குடிப்பார், பசித்தால் எழுந்துபோகாமல் அங்கேயே உண்பார், இரவானால் அங்கேயே படுப்பார். கல்லாப்பெட்டி நண்பர் அடுப்பு முதலில் என்றார். அடுப்பு முதலில் வந்தது உண்மை. ஆனால் சாப்பிட்டு முடித்தவரை இருக்கையிலேயே வைத்திருந்தது மேசை. ஒரே கூரையின் கீழ் இவை இருந்ததன் காரணம் அதுதான். நடத்துபவர் சூதாடியாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. ஃப்ரீட்ரிக் தங்கத்தில் நேரடியாகப் போட்ட பணமும் சிறிதே. குளோண்டைக்கில் தன் பெயரில் உரிமை பதிவு செய்ய இரு சுரங்கக்காரர்களுக்குப் பணம் கொடுத்தனுப்பினார். ஹங்கர் ஓடையில் கிடைத்த உரிமை அடுத்த நாளே நானூறு டாலருக்கு விற்கப்பட்டது.

லெவினின் குடிப்பழக்கத்தால் கூட்டாளிகள் 1901 பிப்ரவரியில் பிரிந்து, ஏப்ரலில் சமாதானமானார்கள். அதன்பின்தான் டிரம்ப் பங்கை விற்றார். பங்கை வாங்கிய லெவின் சில காலத்திலேயே குடித்துக் கலகம் செய்ததற்காகச் சிறை சென்றார். விடுதி காவலர் கைக்குப் போனது. 1905-இல் வைட்ஹார்ஸ் நகர மையத்தை எரித்த பெருந்தீயில் கட்டடமும் அழிந்தது. சட்டம் மாறப்போகிறது என்று தெரிந்த பிறகு கூட்டாளியின் கையில் கொடுத்துவிட்டுப் போனதை நான் திறமை என்று மட்டும் சொல்ல மாட்டேன். வாங்கியவருக்கும் அறிவிப்பு தெரிந்திருந்தது என்பது உண்மையே. ஆனால் குடியில் விழுந்துகொண்டிருந்த ஒருவருக்கு விற்றோம் என்பதும் விற்றவருக்குத் தெரிந்திருந்தது.

ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெனட் நகரம் செத்ததற்குச் சட்டம் காரணமில்லை. ஒயிட் பாஸ் ரயில் பாதை 1899 ஜூலையில் பெனட்டை எட்டியது; 1900-இல் அலாஸ்கா துறைமுகமான ஸ்காக்வேயிலிருந்து வைட்ஹார்ஸ் வரை 177 கிலோமீட்டர் பாதை முழுமையாகத் திறந்தது. படகு கட்டக் காத்திருந்த கூட்டம் அந்தக் கோடையோடு ஏரிக்கரையை விட்டுப் போய்விட்டது. ஃப்ரீட்ரிக் அந்தக் கோடையிலேயே வைட்ஹார்ஸில் கடை போட்டுவிட்டார். மான்டே கிறிஸ்டோவிலும் அவர் பிடித்த மனை வரவிருந்த நிலையத்தின் அருகில்தான். தண்டவாளம் எங்கே போகிறது, அதிகாரி எப்போது வருகிறார் என்ற இரண்டையும் அவர் ஒருசேரக் கவனித்தார்.

வன்னிமகள் எழுதியது:

டொரோண்டோவிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் யூகானிலேயே நின்றுவிட்டீர்கள். எனக்கு இந்த மனிதரின் வாழ்க்கையில் மிகவும் கனமான பகுதி அதற்குப் பிறகு வருவதாகவே தோன்றுகிறது.

பணத்தோடு கால்ஷ்டாட் திரும்பினார். அண்டை வீட்டுப் பெண் எலிசபெத் கிறைஸ்ட் என்பவரை 1902 ஆகஸ்ட் 26 அன்று மணந்து நியூயார்க்குக்கு அழைத்துப்போனார். 1904-இல் மூத்த மகள் பிறந்தாள். எலிசபெத்துக்கு அந்த நகரம் ஒட்டவே இல்லை. ஊர் நினைப்பு வாட்டியது. அதனால் அந்த ஆண்டே குடும்பத்தோடு ஊர் திரும்பி, எண்பதாயிரம் மார்க் பணத்தை அங்கே வங்கியில் போட்டு, மீண்டும் பவேரியக் குடிமகனாக வாழ அனுமதி கேட்டார். ஊராட்சி அவரை மனமார வரவேற்றது. மேலிடம் மறுத்தது. படைப்பணிக்குத் தப்பி வெளியேறியவர், அந்த வயதைக் கடந்த பின் திரும்பியிருக்கிறார் என்று முடிவு செய்து, 1905 பிப்ரவரியில் நாட்டை விட்டு வெளியேறும்படி ஆணையிட்டது. மன்னருக்குப் பதிலாகப் பவேரியாவை ஆண்ட இளவரசப் பதிலாளர் லூயிட்போல்டுக்கு அவர் எழுதிய மன்றாட்டுக் கடிதம் பிற்காலத்தில் பலராலும் வெளியிடப்பட்டது. அந்த ஆணை தங்கள் தலையில் இடி விழுந்ததுபோல் இருந்தது என்றும், நேர்மையான குடும்பம் ஒன்றை ஏன் நாடுகடத்த வேண்டும் என்றும் அதில் கெஞ்சுகிறார். பயனில்லை. 1905 ஜூலை 1 அன்று, கருவுற்றிருந்த மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் கப்பலேறினார். அக்டோபரில் பிரெட் என்ற மகன் பிராங்க்ஸில் பிறந்தான்.

நாங்கள் வந்த வழி வேறு. போரில் ஊரை விட்டு ஓடி, காகிதமில்லாமல் எல்லை கடந்து, இங்கே உணவகங்களின் பின்கட்டில் தட்டுக் கழுவி எழுந்த தலைமுறை எங்களுடையது. ‘நீ போன விதம் சரியில்லை, ஆகவே உனக்கு இங்கே இடமில்லை’ என்று பிறந்த மண்ணே எழுதித் தருவது எப்படிப்பட்ட வலி என்று எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அவர் பணக்காரராகத் திரும்பினார் என்பதால் அந்த வலி குறைந்துவிடாது. யூகானில் தோற்றவர்களின் பணம் அந்த எண்பதாயிரத்தில் இருந்தது என்பதும் எனக்குத் தெரிகிறது. இரண்டும் ஒருசேர மனதில் நிற்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க என்னால் முடியவில்லை.

சட்டநூல் எழுதியது:

வன்னிமகள் அக்காவின் பதிவு என்னை மிகவும் பாதித்தது. அந்த ஆணையின் சட்ட அடிப்படையை மட்டும் சொல்கிறேன். படைப்பணியைத் தவிர்க்க வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்பவர் பவேரியக் குடியுரிமையை இழப்பார் என்ற விதி 1886-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஃப்ரீட்ரிக் கப்பலேறியது 1885-இல். புறப்பட்ட நாளில் இல்லாத விதியைக் கொண்டு, இருபதாண்டுகள் கழித்து அவரை வெளியேற்றினார்கள். 16 வயதுப் பையன் கப்பலேறியதற்கு வறுமையும் ஒரு காரணம் என்ற வாதம் எடுபடவில்லை.

பழைய ஏடு அவர்களின் கருத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் விதிகள் எப்போது அமலுக்கு வரும் என்று கணித்து அதற்கேற்ப இடம் மாறியவர், தன் ஊரில் மட்டும் அப்படிக் கணிக்கவே இல்லை. சொந்த ஊர் என்ற உரிமையோடு உள்ளே போனார். அங்கே இருந்ததோ, எல்லைப்புறத்து நில அலுவலகம் போன்றதன்று. ஒவ்வொருவருடைய பிறப்பும் படைப்பணிப் பதிவும் ஏட்டில் இருந்த பழுத்த நிர்வாகம்.

கல்லாப்பெட்டி எழுதியது:

பழைய ஏடு ஐயா, நியூயார்க்குக்குத் திரும்பிய பிறகு அவர் ஏன் மறுபடி உணவகம் திறக்கவில்லை? கையில் பணம் இருந்தது, தொழில் தெரிந்தது, ஊரில் ஜெர்மானியக் குடியேறிகளும் ஏராளம். எங்கள் தொழிலில் ஒருமுறை கல்லாவில் உட்கார்ந்தவர் அதை விட்டு எழுவது அரிது. அதனால்தான் கேட்கிறேன்.

பழைய ஏடு எழுதியது:

நண்பரே, திரும்பி வந்ததும் அவர் கையில் எடுத்தது கத்தியும் கத்திரிக்கோலும்தான். வால் ஸ்ட்ரீட் 60-ஆம் எண் கட்டடத்தில் முடிதிருத்தும் தொழில் செய்தார்; ஒரு ஹோட்டலில் மேலாளராகவும் இருந்தார். பிறகு நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜமைக்கா அவென்யூவில் மனை வாங்கத் தொடங்கினார்.

உணவகத்தைக் கைவிட்டதற்கு என் மனதில் படும் காரணம் இது. அவர் நடத்திய உணவகங்கள் எல்லாமே போவோர் வருவோருக்கானவை. பெண்துணை இல்லாமல், சொந்த அடுப்பு இல்லாமல், கையில் தங்கத் தூளோடு அலைந்த ஆண்களின் கூட்டம் இருந்தவரைதான் அந்தக் கணக்கு ஓடும். குவீன்ஸில் குடியேறிக்கொண்டிருந்தவர்கள் குடும்பங்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது வீடு. நகர ரயில் கிழக்கே நீண்டுகொண்டிருந்த காலம் அது. வடக்கில் தண்டவாளத்தைப் பார்த்த அதே கண்ணோடு அவர் இங்கேயும் பார்த்தார். ஆனால் இம்முறை பத்திரம் முதலில் வந்தது.

அதிக காலம் கிடைக்கவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் மீதான வெறுப்பு நியூயார்க்கில் உச்சத்தில் இருந்த ஆண்டுகளை அடக்கமாகக் கழித்தார். 1918 மே மாத இறுதியில் இன்புளூயன்சா கொள்ளைநோயில் விழுந்து, மே 30 அன்று 49 வயதில் இறந்தார். விட்டுச்சென்றது குவீன்ஸில் ஓர் இரண்டு மாடி வீடு, ஐந்து காலி மனைகள், சிறிது சேமிப்பு, பங்குகள், பதினான்கு அடமானக் கடன் பத்திரங்கள். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 31,000 டாலர். அன்றைக்கு அது நல்ல தொகை, பெருஞ்செல்வம் அன்று.

நிலாமுற்றம் எழுப்பிய கேள்விக்கு என்னிடம் மறுப்பே இல்லை. இந்தக் கதையில் பெயர் தெரிந்த ஒரே பெண் எலிசபெத்தான். கணவர் இறந்தபோது மூத்த மகன் பிரெட்டுக்கு 12 வயது. ஊர் நினைப்பில் வாடியவர் என்று மட்டும் அறியப்படும் அந்தப் பெண், காலி மனைகளில் வீடு கட்டி, விற்று, வாங்கியவர்கள் செலுத்திய தவணையில் குடும்பத்தை நடத்தினார். மகன் கட்டடத் தொழிலில் இறங்கியபோது அவனுக்குச் சட்டப்படி ஒப்பந்தம் போடும் வயது வரவில்லை. காசோலையிலும் பத்திரத்திலும் அவரே கையெழுத்திட்டார். அந்த நிறுவனத்துக்கு ‘இ. டிரம்ப் அண்ட் சன்’ என்று பெயர். தொழில் அங்கிருந்து போன பாதையை விவாதிக்க விரும்புபவர்கள் தனி இழை ஒன்று தொடங்கினால் நானும் வந்து கலந்துகொள்வேன்.